இடக்கையும் அல்லாஹ் தந்த கைதான்

சென்ற டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் வாப்பாவுடன் தேற்றாத்தீவுக்குப் போயிருந்தேன். வாப்பாவின் சிறிய கடைக்கு வெற்றிலை அங்கிருந்துதான் வருகிறது. காத்தான்குடியிலிருந்து கல்முனை வீதியால் தெற்கே போனால் ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம் எல்லாம் கடந்து அந்த ஊர் வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மணல் நிலம். தேற்றா மரங்கள் நின்ற இடம் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். கலங்கிய நீர் உள்ள பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்தால் சேறு அடியில் படிந்து நீர் தெளியும் என்று படித்திருக்கிறோம் அல்லவா, அதே தேற்றா.

வாப்பாவுக்கு வழக்கமாக வெற்றிலை கொடுக்கிற அம்மா கொடிகளுக்கு இடையில் நின்று இலை கிள்ளிக்கொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அவருடைய கை போன வேகத்தை என் கண்ணால் பின்தொடர முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்: அவர் கிள்ளிக்கொண்டிருந்தது இடக்கையால். வலக்கை கிள்ளிய இலைகளை அடுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. எண்ணி, அடுக்கி, கட்டி முடித்ததும் கட்டை வலக்கைக்கு மாற்றி, இடக்கையை முழங்கையில் தொட்டு மரியாதையோடு வாப்பாவிடம் நீட்டினார்.

நானும் இடக்கைக்காரிதான். அதனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சின்ன வயசில உங்கட கையை மாத்தச் சொல்லி யாரும் ஏசல்லியா அம்மா?"

அவர் சிரித்தார். "ஏசினாங்கதான். ஆனா எங்கட அம்மா விடல்ல. கிள்ளுறது எந்தக் கையெண்டு கொடிக்குத் தெரியாது புள்ள. குடுக்கிறது எந்தக் கையெண்டு மனிசருக்குத்தான் தெரியும் எண்டு சொல்லுவா."

பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒரு தாய், தன் மகளின் கையைப் பற்றி இவ்வளவு தெளிவாகச் சொல்லி வைத்திருக்கிறார். அதே தெளிவு எங்கள் வீட்டிலும் எங்கள் வகுப்பறைகளிலும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய தேவை எனக்கு வந்திருக்காது.

தேவை ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கைக்கு ஐந்து வயது. ஜனவரியில் முதலாம் தரத்துக்குப் போக இருந்தாள். அவளும் பென்சிலை இடக்கையில்தான் பிடிக்கிறாள். அந்த விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டில் அதே பேச்சு. "பள்ளிக்கூடம் போகிறதுக்கு முதல் கையை மாத்திப் போடுவம், பொறகு கஷ்டம்" என்றார் உம்மா. "பொம்புளப் புள்ள, நாளைக்குக் கலியாணம் பேசி வாறவங்க முன்னால பீச்சங்கையால தேத்தண்ணி ஊத்தினா என்ன நினைப்பாங்க?" என்றார் உம்மம்மா. இருவரும் அவள் மேல் வைத்திருக்கும் அன்பினால்தான் அப்படிச் சொன்னார்கள். என்னையும் அதே அன்பினால்தான் மாற்றினார்கள்.

என்னை மாற்றியபோது எனக்கும் ஐந்து வயது. எழுத்துப் படித்த இடத்தில் என் இடக்கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மறந்து மேலே எடுத்தால் அடிமட்டத்தால் ஒரு தட்டு. பெரிய அடி இல்லை. ஆனால் எனக்கு என்ன விளங்கியதென்றால், என் உடம்பில் ஒரு பாகம் வெட்கப்பட வேண்டிய பாகம் என்பதுதான். வலக்கையால் எழுதப் பழகினேன். எழுத்து உருண்டு திரண்டு வரவில்லை, வேகமும் வரவில்லை. சொல்வதெழுதுதலில் மற்றப் பிள்ளைகள் அடுத்த வசனத்துக்குப் போகும்போது நான் முந்திய வசனத்தின் நடுவில் நிற்பேன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் கடைசிப் பக்கம் வெறுமையாகப் போனது. அதனால்தான் சித்தியடையவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்த இரண்டு வினாக்களுக்கு எனக்கு விடை தெரியும். இன்று வரை அது மனதை விட்டுப் போகவில்லை.

ஏழாம் தரத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு சுளுக்கியது. இரண்டு கிழமை கட்டுப் போட்டிருந்தார்கள். வேறு வழியின்றி இடக்கையால் எழுதினேன். முதல் நாள் கோழி கிளறியது போல் இருந்தது. பத்தாம் நாள், ஏழு வருடம் பழக்கிய வலக்கையை விட அழகாகவும் வேகமாகவும் எழுதினேன். கட்டை அவிழ்த்த பிறகு பேனாவைத் திரும்ப வலக்கைக்குக் கொடுக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அதற்குப் பிறகு எந்தப் பரீட்சையிலும் நேரம் போதாமல் நான் எழுந்ததில்லை.

இனி இந்தக் கட்டுரையைப் படிக்கும் பெற்றோர் மனதில் எழும் முதல் கேள்விக்கு வருகிறேன். வலக்கையை முற்படுத்துவது நபி (ஸல்) அவர்களின் வழிமுறை அல்லவா? ஆம். உண்பதும் பருகுவதும் கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால்தான். அந்த ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன், பேணுகிறேன். இன்றும் சோறு உண்பது வலக்கையால்தான். அதைப் பழகுவது எனக்கு ஒரு நாளும் பாரமாக இருக்கவில்லை. ஒரு கவளத்தை வாய்க்குக் கொண்டு போவதற்கு எந்தக் கைக்கும் அவ்வளவு திறமை தேவையில்லை. ஆனால் பேனாவும் ஊசியும் கத்தரிக்கோலும் அப்படியல்ல. அவை விரல்களின் நுட்பத்தைக் கேட்பவை. மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஐயம் உள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம். நான் கேட்பது ஒன்றுதான்: உணவுத் தட்டின் ஒழுக்கத்தை எழுதும் கொப்பி வரைக்கும் நீட்டியது மார்க்கமா, எங்கள் ஊர் வழக்கமா? கலீபா உமர் (ரலி) அவர்கள் இரண்டு கைகளாலும் ஒன்று போல வேலை செய்யக்கூடியவர்கள் என்று வரலாற்று நூல்கள் வர்ணிக்கின்றன. அதை ஒரு குறையாக அவை சொல்லவில்லை.

எங்கள் பேச்சுமொழியையே பாருங்கள். வலக்கைக்குச் சோத்துக்கை என்று பெயர் வைத்தோம். இடக்கைக்குப் பீச்சங்கை என்று பெயர் வைத்தோம். ஒன்று உண்ணும் கை, மற்றது கழுவும் கை. அந்த இரண்டு வேலைக்கும் கை பிரித்தது சுத்தத்துக்காக, அது நல்லதுதான். ஆனால் ஒரு மனிதர் நாள் முழுக்கச் செய்யும் மற்ற வேலைகளில் ஒன்றாவது அந்தப் பெயர்களில் இருக்கிறதா? எழுதுவது இல்லை, தைப்பது இல்லை, வரைவது இல்லை, பந்தெறிவது இல்லை. பெயரில் இல்லாத வேலைகளுக்கும் அந்தப் பெயரின் அருவருப்பை நாங்கள் ஒட்டிவிட்டோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

ஆச்சரியம் என்னவென்றால், இடக்கையைக் கண்டதும் முகம் சுளிக்கும் அதே வீடுகளில்தான் கிரிக்கெட் போட்டி நடக்கும்போது இடக்கைக்காக எல்லோரும் கைதட்டுகிறோம். 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியைப் பற்றி வாப்பா இன்னும் பேசுவார். அவுஸ்திரேலியா எடுத்த 241 ஓட்டங்களை இலங்கை ஏழு விக்கெட்டுகளால் வென்றது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்தார். அவர் வலக்கைத் துடுப்பாட்ட வீரர். ஆனால் அவருக்குத் துணையாக 65 ஓட்டங்கள் எடுத்த அசங்க குருசிங்கவும், ஆட்டமிழக்காமல் 47 ஓட்டங்கள் எடுத்து வெற்றி ஓட்டத்தையும் பெற்ற தலைவர் அர்ஜுன ரணதுங்கவும் இடக்கைத் துடுப்பாட்ட வீரர்கள். அந்தத் தொடர் முழுவதும் முதல் ஓவர்களிலேயே எதிரணிகளைத் திணற வைத்த சனத் ஜயசூரியவும் இடக்கையர்தான்.

அதற்குப் பிறகும் வரிசை நிற்கவில்லை. டெஸ்ட் போட்டிகளில் இலங்கைக்காக மிக அதிகமாக 12,400 ஓட்டங்கள் குவித்த குமார் சங்கக்கார இடக்கைத் துடுப்பாட்ட வீரர். 2003 உலகக் கிண்ணத்தில் பங்களாதேஷுக்கு எதிராகப் போட்டியின் முதல் மூன்று பந்துகளிலேயே மூன்று விக்கெட்டுகளை வீழ்த்திய சமிந்த வாஸ் இடக்கைப் பந்துவீச்சாளர். டெஸ்ட் போட்டிகளில் 433 விக்கெட்டுகள் எடுத்த ரங்கன ஹேரத்தும் அப்படியே.

பெண்களை எடுத்துக்கொண்டால் சமரி அத்தபத்துவின் பெயர் முன்னால் வருகிறது. 2017 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 178 ஓட்டங்கள் எடுத்தார். அணியின் மொத்த ஓட்டங்களே 257தான். 2024 ஏப்ரலில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 195 ஓட்டங்கள் எடுத்து, 302 என்ற இலக்கை எட்ட வைத்தார். அதே ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளையில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவை இலங்கைப் பெண்கள் வென்றபோது அவர் எடுத்தது 61. ஆட்டமிழக்காமல் 69 ஓட்டங்கள் எடுத்து அவருக்குத் தோள் கொடுத்த ஹர்ஷிதா சமரவிக்ரமவும் இடக்கைத் துடுப்பாட்ட வீராங்கனை. இலங்கைப் பெண்கள் முதன்முதலாக வென்ற ஆசியக் கிண்ணத்தின் அடித்தளம் இரண்டு இடக்கைத் துடுப்பாட்டக்காரிகளின் இணைப்பாட்டம்.

கிரிக்கெட்டில் இடக்கையருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? காரணம் எளியது. பந்துவீச்சாளர்கள் பெரும்பாலும் வலக்கைத் துடுப்பாட்டக்காரர்களுக்கே வீசிப் பழகியவர்கள். எதிரே இடக்கையர் நின்றால் பந்தை எங்கே விழுத்துவது என்ற கணக்கு முழுவதும் தலைகீழாக மாறும். ஒரு முனையில் வலக்கையும் மறுமுனையில் இடக்கையும் நின்றால் இன்னும் கஷ்டம்: ஒவ்வொரு ஒற்றை ஓட்டத்துக்கும் களத்தடுப்பாளர்கள் இடம் மாறி ஓட வேண்டும். 1996இல் ஜயசூரியவோடு வலக்கையரான களுவிதாரணவை இறக்கியதில் அந்தப் பலனும் இருந்தது. அதாவது, எல்லோரைப் போலவும் இல்லாததே அங்கே பலம்.

அப்படியென்றால் எல்லா விளையாட்டிலும் இடக்கைக்கு மதிப்பு உண்டா? இல்லை. அமெரிக்கர்களின் காற்பந்தைப் பாருங்கள். எங்கள் உதைபந்தாட்டம் போல அல்ல அது. பந்து முட்டை வடிவில் இருக்கும், பெரும்பாலும் கையால் எறிந்தும் கையில் ஏந்தி ஓடியும் விளையாடுவார்கள். அணியின் மூளையாக நின்று பந்தை எறிபவருக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். அங்கே தொழில்முறைப் போட்டிகளில் 32 அணிகள் இருக்கின்றன. பத்தில் ஒருவர் இடக்கையர் என்ற கணக்குப்படி அவற்றில் இரண்டு மூன்று பேராவது எப்போதும் இடக்கையால் எறிய வேண்டும். ஆனால் பல ஆண்டுகளில் ஒருவரைக் காண்பதே அரிது.

திறமை இல்லையா? கென் ஸ்டேப்ளர் என்ற இடக்கையர் 1977இல் தன் அணிக்குச் சூப்பர் போல் என்னும் இறுதிப் போட்டியை வென்று கொடுத்தார். 1995 ஜனவரியில் நடந்த இறுதிப் போட்டியில் ஸ்டீவ் யங் என்ற இடக்கையர் கோல் எல்லைக்குள் ஆறு எறிகளைச் சேர்ப்பித்துச் சாதனை படைத்தார். ஆகவே திறமையில் குறையில்லை. ஏற்பாட்டில்தான் சிக்கல். வலக்கையர் எறிய நிற்கும்போது அவருடைய முதுகு இடப்பக்கம் திரும்பியிருக்கும். அந்தப் பக்கத்தைக் காக்க மிகச் சிறந்த தடுப்பாளர் ஒருவரை நிறுத்துவார்கள். இடக்கையர் வந்தால் காவலைப் பக்கம் மாற்ற வேண்டும். பந்து காற்றில் சுழலும் திசையும் எதிர்ப்பக்கமாகிவிடும், பிடிப்பவர்கள் அதற்குப் புதிதாகப் பழக வேண்டும். தீட்டி வைத்த ஆட்டத் திட்டங்களையும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்ப வேண்டும். பல பயிற்றுநர்களுக்கு இதெல்லாம் வீண் சிரமம். அதனால் எறியும் இடக்கைப் பையன்களில் பலர் அந்த இடத்துக்கே வருவதில்லை. இடக்கை எறிக்கு மதிப்புள்ள பேஸ்போலுக்குச் சிலர் போய்விடுகிறார்கள்.

இரண்டு விளையாட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கை ஒன்றுதான். ஓர் இடத்தில் அது கொண்டாடப்படுகிறது, மற்ற இடத்தில் ஒதுக்கப்படுகிறது. வித்தியாசம் கையில் இல்லை. பெரும்பான்மைக்காகச் செய்து வைத்த ஏற்பாட்டைக் கொஞ்சம் மாற்ற நாங்கள் தயாரா இல்லையா என்பதில்தான் இருக்கிறது. எங்கள் வகுப்பறையும் அந்த அமெரிக்க மைதானம் போலத்தான் இருக்கிறது. வாங்கில் நான் வலப்பக்கம் இருந்தால் என் முழங்கை பக்கத்துத் தோழியின் முழங்கையோடு இடிக்கும். கத்தரிக்கோல் என் கையில் துணியை வெட்டாது, மடிக்கும். தமிழ் எழுத்து இடமிருந்து வலம் போவதால் என் கை ஈர மையின் மேல் உரசிக்கொண்டே போகும். கொப்பியும் அழுக்கு, கையும் அழுக்கு. "இந்தப் புள்ளைக்குச் சுத்தமே இல்லை" என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அரபு எழுத்து வலமிருந்து இடம் போகிறது. அதை எழுதும்போது இடக்கை மையைத் தொடுவதே இல்லை. எழுத்துக்கு முன்னால் சுத்தமாக நகர்ந்து போகும். மை பூசிக்கொள்வது வலக்கைக்காரர்கள்தான். சிறு வயதில் ஒரு வகுப்பில் அலிஃப், பா எழுதியபோது என் பக்கம் மட்டும் ஒரு கறை இல்லாமல் இருந்தது. வாழ்க்கையில் முதன்முதலாக என் கொப்பி மற்றவர்களுடையதை விட அழகாக இருந்த நாள் அது. ஆனால் அங்கேயும் கையை மாற்றச் சொன்னார்கள். என் கைக்கு மிகவும் பொருந்திய எழுத்தையும் அந்தக் கையால் எழுத முடியாமல் போனது. எனக்குக் கற்றுத் தந்தவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

"கையை மாற்றினால் என்ன, பழகிவிடும்தானே" என்று சிலர் கேட்பார்கள். பழகும்தான், சிலருக்கு நன்றாகவே பழகும். டுவா டகோவைலோவா என்ற குவாட்டர்பேக்கின் கதை அதற்கு உதாரணம். ஹவாய்த் தீவில் பிறந்தவர். பிறப்பால் வலக்கையர். தந்தை இடக்கையர், மகனும் தன்னைப் போல எறிய வேண்டும் என்று விரும்பிச் சிறு வயதிலேயே இடக்கையால் எறியப் பழக்கினார். அந்தப் பையன் வளர்ந்து, 2023 பருவத்தில் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் எல்லோரையும் விட அதிக தூரம், 4,624 யார், பந்தெறிந்து முதலிடம் பெற்றான். பார்த்தீர்களா, மாற்றலாம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவனிடம் மாற்றியது ஒரே ஒரு வேலையை. அதைக் கற்றுக் கொடுக்கத் தந்தையே பக்கத்தில் நின்றார். வலக்கை வெட்கப்பட வேண்டிய கை என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளிடம் நாங்கள் மாற்றுவது அப்படியா?

மாற்றாமல் விட்டால் பிள்ளைகள் தாங்களே ஒவ்வொரு வேலைக்கும் பொருத்தமான கையைக் கண்டுபிடிப்பார்கள். ரணதுங்க துடுப்பாடியது இடக்கையால், பந்து வீசியது வலக்கையால். சமரி அத்தபத்துவும் அப்படித்தான். சச்சின் டெண்டுல்கர் வலக்கைத் துடுப்பாட்ட வீரர், ஆனால் கையொப்பமிடுவது இடக்கையால். ஒரு மனிதருக்குள்ளேயே இரண்டு கைகளும் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. தேற்றாத்தீவு அம்மாவின் கைகளும் அப்படித்தான் பிரித்துக்கொண்டன: கிள்ளுவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று. திறமையும் போகவில்லை, மரியாதையும் போகவில்லை. உம்மம்மாவின் கேள்விக்கும் விடை அதுதான். விருந்தினருக்குத் தேநீர்க் கோப்பையை வலக்கையால் நீட்டப் பழக்குங்கள். அந்தத் தேநீரைத் தயாரித்த கை எது என்று கோப்பைக்குத் தெரியாது.

என் வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறோம். பத்தில் ஒருவர் என்ற கணக்கில் நாலு பேர் இடக்கையால் எழுத வேண்டும். எழுதுவது நான் ஒருத்திதான். ஒரு வகுப்பை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று கணித ஆசிரியை சொல்வார். ஆனாலும் மற்ற மூன்று பேர் எங்கே என்று ஓர் இடைவேளையில் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் மெதுவாகக் கை உயர்த்தினார்கள். சிறு வயதில் மாற்றப்பட்டவர்கள். ஒருத்திக்கு இன்றும் அவசரத்தில் எழுதும்போது எழுத்துத் தடுமாறும். அவளும் என்னைப் போல நேரம் போதாமல் எத்தனை வினாக்களை விட்டாளோ. அவளுக்கு விடை தெரியாது என்றுதான் புள்ளி போட்டவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஆகவே ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் சில சிறிய கோரிக்கைகள். செலவு எதுவும் இல்லாதவை.

இடக்கையால் எழுதும் பிள்ளையை வாங்கின் இடது ஓரத்தில் இருத்துங்கள். யாருடைய முழங்கையும் இடிக்காது. கொப்பியின் மேல் பக்கத்தை வலப்புறமாகச் சற்றுச் சரித்து வைக்கவும், பென்சிலை நுனியிலிருந்து கொஞ்சம் மேலே பிடிக்கவும் காட்டிக் கொடுங்கள்; எழுதுவதும் தெரியும், மையும் ஒட்டாது. தையலோ பின்னலோ சொல்லிக் கொடுக்கும்போது பக்கத்தில் இருக்காமல் எதிரே இருங்கள். கண்ணாடியில் பார்ப்பது போல அவள் அப்படியே செய்வாள். இடக்கைக் கத்தரிக்கோல் என்று ஒன்று இருக்கிறது, முடிந்தால் தையல் அறைக்கு ஒன்று வாங்குங்கள். உண்ணவும் கொடுக்கவும் வலக்கையைப் பழக்குங்கள். அன்பாகச் சொல்லிப் பழக்குங்கள். மற்ற வேலைகளில் அவளுடைய கையை அவளிடமே விட்டுவிடுங்கள்.

என்னைப் போன்ற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கையை மறைக்காதீர்கள். இந்த நாட்டின் வெற்றிகளை எண்ணிப் பார்த்தால் பாதி இடக்கைகளில் இருக்கிறது. கிண்ணம் வென்ற கையைக் கொண்டாடத் தெரிந்த எங்கள் சமூகத்துக்கு, பேனா பிடிக்கும் கையையும் ஏற்றுக்கொள்ளத் தெரியும். யாராவது முதலில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்று தேற்றாத்தீவிலிருந்து திரும்பி வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலைக்கார அம்மாவின் கதையை வாப்பாவே வீட்டில் சொன்னார். உம்மா ஒன்றும் பேசவில்லை. உம்மம்மா மட்டும் "அந்த மனிசி சரியாத்தான் சொல்லியிருக்கா" என்று வெற்றிலையை மடித்தபடி சொன்னார். ஜனவரியில் தங்கை பள்ளிக்கூடம் போனாள். முதல் நாள் உம்மா வகுப்பாசிரியையிடம் போய், "இவ இடக்கையால எழுதுறவ டீச்சர், மாத்த வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அதே உம்மாதான். திரும்பி வரும் வழியில் என் இடக்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழி நெடுகிலும் விடவில்லை.